விச்சிட்டாவில் ஏற்றிய சுடர்

'லா என்ஃபோர்ஸ்மென்ட் டார்ச் ரன்' என்பது, காவலர்கள் தீப்பந்தம் ஏந்தி ஊர் ஊராக ஓடி, அறிவுசார் குறைபாடு உள்ள விளையாட்டு வீரர்களுக்காகப் பணம் திரட்டும் ஏற்பாடு. 1981-ல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள விச்சிட்டா நகரில் இது தொடங்கியது. இன்று அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும், கனடாவிலும், மற்ற கண்டங்களின் பல நாடுகளிலும் நடக்கிறது. ஓர் ஆண்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் காவலர்கள் இதில் பங்கெடுக்கிறார்கள். இதுவரை திரண்ட தொகை 90 கோடி டாலருக்கும் அதிகம். பணம் போய்ச் சேரும் இடம் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் அமைப்பு. அந்த அமைப்புக்கு அடிமட்டத்திலிருந்து நிதி வரும் வழிகளில் இதைவிடப் பெரியது வேறில்லை.

சுடரோட்டத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்தத் தொகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால், காவலரும் அறிவுசார் குறைபாடு உள்ளவரும் வழக்கமாக எதிரெதிரே நிற்பது ஏதேனும் தகராறு நடந்த இடத்தில்தான். அங்கே ஒருவர் கையில் விலங்கு இருக்கும். மற்றவருக்கு என்ன நடக்கிறது என்றே புரியாமல் இருக்கும். யார் மீதும் புகார் இல்லாத நேரத்தில் இந்த இரு தரப்பும் பழக நேர்ந்தது, பணத்தைவிடப் பெரிய விளைவு என்று சொல்ல இடமிருக்கிறது. அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் பலன் தந்தது, எங்கே பலிக்காமல் போனது என்பதும் இந்த ஓட்டத்தின் வரலாற்றைச் சேர்ந்ததுதான்.

கட்டணம் வாங்காத விளையாட்டு

அறிவுசார் குறைபாடு மனநோய் அல்ல. கற்பது, காரணம் அறிவது, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வது ஆகியவற்றில் சிறு வயதிலேயே தொடங்கும் தடை அது; நுண்ணறிவு ஈவு ஏறத்தாழ 70-க்குக் கீழே இருக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பெரும்பாலோர் இந்த வகையில் வருகிறார்கள். உலக மக்கள்தொகையில் 1 முதல் 3 சதவீதம் பேர் இப்படி இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

1960-கள் வரை அமெரிக்காவில் இவர்களுக்கு இருந்த இடம் பெரும்பாலும் காப்பகத்தின் நான்கு சுவர்கள்தான். நாட்டின் செல்வாக்கு மிகுந்த குடும்பங்களில் ஒன்றான கென்னடி குடும்பமும் இதற்கு விலக்கல்ல. பின்னாளில் அதிபரான ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரிக்கு 1941-ல், 23-ஆவது வயதில், மூளையில் லொபாட்டமி அறுவை செய்யப்பட்டது. அதற்குப் பிறகு அவரால் சரியாகப் பேசவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. விஸ்கான்சினில் ஒரு காப்பகத்தில் அவர் வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. வெளியே பல ஆண்டுகள் இது பேசப்படவே இல்லை. அந்த மௌனத்தை உடைத்தவர் இன்னொரு சகோதரியான யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். 1962-ல் பிரபலமான ஒரு வார இதழில் அக்காவைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். அதே ஆண்டு கோடையில், மேரிலாந்தில் தன் வீட்டுப் புல்வெளியில் இத்தகைய சிறுவர் சிறுமியருக்காக ஒரு முகாமும் நடத்தினார். நீச்சல், ஓட்டம், பந்து, குதிரையேற்றம் என எல்லாம் உண்டு. 'இவர்களால் முடியாது' என்று மருத்துவர்கள் சொல்லி வைத்திருந்த பலவற்றைக் குழந்தைகள் செய்தார்கள்.

அந்த முகாமின் நீட்சியாக 1968 ஜூலை 20 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் அரங்கில் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் முதல் சர்வதேசப் போட்டி நடந்தது. யூனிஸின் தம்பி ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு ஆறு வாரங்களே ஆகியிருந்தன. 26 மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஏறத்தாழ ஆயிரம் பேர் போட்டியிட்டார்கள். ஆனால் அந்தப் பெரிய அரங்கின் இருக்கைகள் வெறிச்சோடிக் கிடந்தன. பார்க்க ஆளில்லை என்ற இந்தக் குறைதான் பின்னாளில் காவலர்களைச் சாலைக்கு அழைத்து வந்தது என்று சொன்னால் தவறில்லை.

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் விதிகள் மற்ற விளையாட்டு அமைப்புகளின் விதிகளைப் போன்றவை அல்ல. எட்டு வயது நிறைந்த யாரும் சேரலாம். மேல் வயது வரம்பு கிடையாது. வயது, பாலினம் ஆகியவற்றோடு திறமையையும் பார்த்து, ஏறத்தாழ ஒரே வேகம் உள்ளவர்களைச் சிறு குழுவாகப் பிரித்துப் போட்டி வைக்கிறார்கள். அதனால் நூறு மீட்டரை இருபது விநாடியில் கடப்பவருக்கும் தங்கம் உண்டு, ஐம்பது விநாடியில் கடப்பவருக்கும் தங்கம் உண்டு. முதல் மூவருக்குப் பதக்கம், எட்டாம் இடம் வரை ரிப்பன். பாராலிம்பிக்ஸில் இருக்கும் கடும் தேர்வுமுறை இங்கே இல்லை. அங்கே அந்தத் தேர்வு ஒருமுறை வெட்ககரமாகப் பொய்த்ததும் உண்டு. 2000-ல் சிட்னியில் தங்கம் வென்ற ஸ்பெயினின் அறிவுசார் குறைபாட்டுப் பிரிவுக் கூடைப்பந்து அணியில், பன்னிரண்டு பேரில் பத்துப் பேருக்கு எந்தக் குறைபாடும் இல்லை என்பது பின்னால் தெரியவந்தது. அதன் பிறகு, 2012 லண்டன் போட்டி வரை அந்தப் பிரிவு வீரர்களுக்கே பாராலிம்பிக்ஸில் இடமில்லாமல் போனது.

நிதியைப் பொறுத்தவரை முக்கியமான விதி இன்னொன்று: வீரர்களிடமோ குடும்பத்திடமோ கட்டணம் வாங்கக் கூடாது. பயிற்சி, பயணம், தங்குமிடம், சீருடை அனைத்துக்கும் பணம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். அரசை நம்பிக் காலம் தள்ளவும் முடியாது. 2019 மார்ச்சில் அமெரிக்கக் கல்வித்துறை, ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸுக்கான 1 கோடியே 76 லட்சம் டாலர் ஒதுக்கீட்டை முழுவதுமாக நீக்கும் முன்மொழிவை வைத்தது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தில் ஒரு வாரத்துக்குள் அதிபர் டிரம்ப் அதைத் திரும்பப் பெற்றார். அந்த முறை தப்பியது என்றாலும், ஒரு கையெழுத்தில் நின்றுவிடக்கூடிய பணத்துக்கும் தெருத்தெருவாகத் திரட்டிய பணத்துக்கும் உள்ள வித்தியாசம் எல்லாருக்கும் புரிந்தது.

லமன்யனின் யோசனை

ரிச்சர்ட் லமன்யன் 1976-ல் விச்சிட்டா காவல்துறைத் தலைவரானார். கோதுமை வயல்கள் சூழ்ந்த, விமானத் தொழிற்சாலைகள் நிறைந்த நகரம் அது. அப்போது அந்நகரை ஒரு பெரும் அச்சம் பிடித்திருந்தது. 1974 முதல் அடுத்தடுத்துக் கொலைகள் செய்துகொண்டிருந்த ஒருவன், தனக்குத் தானே 'பிடிகே' என்று பெயர் சூட்டி ஊடகங்களுக்குக் கடிதம் எழுதினான். 1978 பிப்ரவரியில் லமன்யன் மக்கள் முன் வந்து, தொடர்கொலைகாரன் ஒருவன் நகரில் உலவுகிறான், அவன் யாரென்று தெரியவில்லை என்று அறிவித்தார். ஒரு காவல்துறைத் தலைவர் சொல்ல விரும்பாத வார்த்தைகள் அவை. கொலைகாரன் பிடிபட்டது 2005-ல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே லமன்யன் பதவியிலிருந்து போய்விட்டார்.

அந்தப் பீதிக்கும் சுடரோட்டத்துக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக யாரும் நிறுவியதில்லை. ஆனால் 1981-ல் அவர் யோசித்த முறை கவனிக்கத்தக்கது. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸுக்குப் பணம் தேவை, பெயர் பரவவும் வேண்டும். காவலர்களுக்கு ஊர் மக்களோடு குற்றம் சாராத ஓர் உறவு வேண்டும். இரண்டையும் ஒரே ஓட்டத்தில் அவர் முடிச்சுப் போட்டார். உடற்பயிற்சிக்காகக் காவலர்கள் எப்படியும் ஓடுகிறவர்கள்தானே. கையில் சுடரைக் கொடுத்துப் பொதுச் சாலையில் ஓடச் சொன்னால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

இந்த யோசனை ஒரு நகரத்தோடு நின்றுவிடாததற்குக் காரணம் 1983-ல் அவர் எடுத்து வைத்த அடுத்த அடி. காவல்துறைத் தலைவர்களின் சர்வதேசச் சங்கத்தின் முன் இதை அவர் எடுத்துரைத்தார். 1893-ல் சிகாகோவில் உருவான அந்தச் சங்கம் ஓட்டத்துக்குத் தன் ஆதரவை அறிவித்தது. அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான ஒரே காவல்துறை என்று எதுவும் இல்லை. நகரப் போலீஸ், மாவட்ட ஷெரிஃப், மாநிலப் போலீஸ், சிறைக் காவலர், பல்கலைக்கழகப் போலீஸ், கூட்டாட்சி முகமைகள் என ஏறத்தாழ 18,000 தனித்தனி அமைப்புகள். மேலிருந்து ஓர் உத்தரவு போட்டு இவற்றை ஓடவைக்க யாராலும் முடியாது. தலைவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தால்தான் உண்டு. சங்கத்தின் ஆதரவு அதற்கு வழிவகுத்தது. ஒரு துறையைப் பார்த்து அடுத்த துறை போட்டி போட்டுக்கொண்டு இறங்கியது. பக்கத்து ஊர் ஷெரிஃப் அலுவலகம் நம்மைவிட அதிகம் திரட்டிவிட்டது என்ற ரோஷம் இன்றும் இந்த ஏற்பாட்டின் எரிபொருள்.

உண்டியலும் சீருடையும்

ஓட்டம் என்று பெயர் இருந்தாலும் பணம் பலவிதமாக வருகிறது. ஆண்டுதோறும் புதிய வடிவத்தில் வரும் டி-ஷர்ட் விற்பனை நெடுங்காலமாக இதன் முதுகெலும்பு. இன்னொரு வழி, காவலர்கள் ஒரு மாலை நேரம் உணவகத்தில் பரிமாறுபவர்களாக வேலை செய்வது. வாடிக்கையாளர் தரும் டிப்ஸ் முழுவதும் நிதிக்குப் போகும். டோனட் கடையின் கூரை மேல் ஏறி நின்றுகொண்டு, போதிய நன்கொடை சேரும்வரை இறங்க மாட்டோம் என்று அடம்பிடிப்பதும் உண்டு. போலீஸ்காரர்களுக்கு டோனட் மீது தீராத ஆசை என்பது அமெரிக்காவின் பழைய கேலி. அந்தக் கேலியையே காசாக்கிவிட்டார்கள். வர்ஜீனியாவில் டல்ஸ் விமான நிலையத்தில் குழுக்கள் கயிறு கட்டிப் பயணிகள் விமானத்தைச் சில அடி தூரம் இழுக்கின்றன. வேறு இடங்களில் சரக்கு லாரிகள் அணிவகுக்கின்றன.

இவற்றில் மிகவும் பேர்பெற்றது நடுக்குளிரில் நீரில் குதிக்கும் 'போலார் பிளஞ்ச்'. மேரிலாந்து மாநிலப் போலீஸ் செசபீக் விரிகுடாக் கரையில் சாண்டி பாயின்ட் பூங்காவில் நடத்தும் குளியலுக்கு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். ஒவ்வொருவரும் முன்கூட்டியே நண்பர்களிடமும் உறவினரிடமும் குறிப்பிட்ட தொகை திரட்டினால்தான் நடுங்கும் பாக்கியம் கிட்டும். சில பெருந்தைரியசாலிகள் 24 மணி நேரத்தில் 24 முறை குதிக்கிறார்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸுக்காகவே சிகாகோவிலும் இதுபோன்ற குளியல் உண்டு. 2014-ல் அங்கே மேயர் ராம் இமானுவேலும் தொலைக்காட்சிக் கலைஞர் ஜிம்மி ஃபாலனும் மிச்சிகன் ஏரியில் இறங்கினார்கள். ஃபாலன் கோட்டு சூட்டோடு.

காவலர்கள் பணம் கேட்பதில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது. சீருடை அணிந்தவர் கடைக்குள் வந்து காசு கேட்டால் அதற்கு நம் ஊரில் மாமூல் என்று பெயர். அமெரிக்காவிலும் போலீஸ் கையில் உள்ள உண்டியலைத் தட்டிக்கழிப்பது சிறு வணிகருக்கு எளிதல்ல என்ற விமர்சனம் இல்லாமல் இல்லை. பணம் காவல் நிலையத்தில் தங்காமல் நேரே ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் மாநிலப் பிரிவுக்குப் போய்ச் சேருவதும், எல்லாமே கூட்டத்தின் நடுவே திறந்த வெளியில் நடப்பதும் அந்த ஐயத்தைப் பெருமளவு தணிக்கின்றன. கேட்பவரே பனிநீரில் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது மிரட்டலுக்கு இடம் குறைவு என்பதும் உண்மை.

திரட்டியதைக் கொடுத்துவிட்டுக் காவலர்கள் ஒதுங்கிவிடுவதில்லை. மாநில அளவிலான போட்டிகளின் தொடக்க விழாவில் சுடரை அரங்குக்குள் கொண்டுவருபவர்கள் அவர்கள்தான். வெற்றி மேடையில் பதக்கம் அணிவிப்பவர்களும் பல நேரங்களில் சீருடையில் நிற்கும் காவலர்களே. தம்மை அவர்கள் 'சுடரின் காவலர்' என்று அழைத்துக்கொள்கிறார்கள்.

உலகப் போட்டி என்றால் இதே ஏற்பாடு பெரிய அளவில் நடக்கிறது. 'நம்பிக்கைச் சுடர்' கிரேக்கத் தலைநகர் ஏதென்ஸில் ஏற்றப்படுகிறது. போட்டி நடக்கும் நாட்டில், தொடக்க விழாவுக்கு முந்தைய நாள்களில், பல நாடுகளிலிருந்து தேர்ந்தெடுத்த காவலர்களும் சில வீரர்களும் குழுக்களாகப் பிரிந்து ஊர் ஊராகச் சுடரைக் கொண்டுபோகிறார்கள். ஒரே நாளில் பல ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் சிறிது தூரம் ஓட்டம், ஒரு சிறு விழா, மீண்டும் பேருந்து. இந்தக் கடைசிக் கட்டத்துக்குத் தேர்வாவது காவலர்களிடையே பெரிய கௌரவம். 2019-ல் அபுதாபி போட்டிக்காகச் சுடர் ஏழு அமீரகங்களையும் சுற்றி வந்தது. 2023 ஜூனில் பெர்லினில் ஏறத்தாழ 7,000 வீரர்கள் கூடிய போட்டியில், ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத் அனுப்பிய இந்திய அணி 202 பதக்கங்கள் பெற்றது.

இவற்றுள் தனித்து நிற்பது 2003 அயர்லாந்து. கோடைகால உலகப் போட்டி அமெரிக்காவுக்கு வெளியே நடந்தது அதுவே முதல்முறை. டப்ளினின் குரோக் பார்க் அரங்கில் நெல்சன் மண்டேலா தொடங்கிவைத்தார். முகமது அலியும் வந்திருந்தார். 30,000 பேர் தொண்டர்களாகப் பணிபுரிந்தார்கள். தீவின் இரு பகுதிகளிலும் 170-க்கும் மேற்பட்ட ஊர்கள் ஆளுக்கொரு நாட்டு அணியை வரவேற்று உபசரித்தன. அங்கே சுடரோட்டத்தை அயர்லாந்துக் குடியரசின் 'கார்டா' காவலர்களும் வட அயர்லாந்துக் காவலர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். முப்பது ஆண்டு மோதலில் வட அயர்லாந்தின் பழைய காவல்படை, கத்தோலிக்க மக்களில் பெரும்பகுதியினரின் நம்பிக்கையை இழந்திருந்தது. அதன் இடத்தில் புதிய காவல்துறை அமைந்தது 2001 நவம்பரில். இரண்டே ஆண்டில், எல்லையின் இருபுறத்துப் போலீஸும் ஒரே டி-ஷர்ட்டில் ஒரே சுடரோடு ஓடினார்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் பெயரால் நடந்ததால்தான் அரசியல் முணுமுணுப்பு எழாமல் இது நடந்தேறியது என்று தோன்றுகிறது.

ஓட்டத்துக்கு வெளியே

சாலையில் தோளோடு தோள் ஓடும் இந்த இரு தரப்பும் விசாரணை அறையில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதற்கு வர்ஜீனியாவிலேயே உதாரணம் இருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ள பண்ணைத் தொழிலாளி ஒருவர் 1983-ல் வேறொரு குற்றத்துக்காகக் கைதானார். காவலர்கள் கேட்ட குற்றத்துக்கெல்லாம் 'ஆமாம்' என்று தலையாட்டினார். 1982-ல் நடந்த ஒரு கொலையும் அதில் அடக்கம். கொலையுண்டவரின் அடையாளங்களைக்கூட அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இருந்தும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1985-ல் தண்டனை நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நிறுத்திவைக்கப்பட்டது. டிஎன்ஏ சோதனை அவரை விடுவித்து முழு மன்னிப்பு கிடைத்தது 2000-ல். அதிகாரத்தில் இருப்பவரை மகிழ்விக்கும் பொருட்டு உடன்பட்டுவிடும் இயல்பு அறிவுசார் குறைபாடு உள்ள பலரிடம் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-ல் இவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று தீர்ப்பளித்தபோது, பொய்யான ஒப்புதல் வாக்குமூலம் தரும் அபாயத்தையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. அந்த வழக்கும் வர்ஜீனியாவிலிருந்து வந்ததுதான்.

மேரிலாந்தில் நடந்தது இன்னும் நெருடலானது. யூனிஸின் முகாம் தொடங்கிய மாநிலம். பனிநீர்க் குளியலுக்குப் பேர்போன மாநிலம். அங்கே 2013 ஜனவரியில் ஃப்ரெடெரிக் மாவட்டத்தில், டவுன் சிண்ட்ரோம் உள்ள 26 வயது இளைஞர் ஒருவர் திரையரங்கில் படம் பார்த்தார். முடிந்ததும் மீண்டும் பார்க்க ஆசைப்பட்டு, இரண்டாவது டிக்கெட் எடுக்காமல் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். பணி நேரம் போக அங்கே பாதுகாவலர்களாக வேலை பார்த்த மூன்று ஷெரிஃப் துறைக் காவலர்கள் அவரை வெளியேற்ற முனைந்தார்கள். கொஞ்சம் பொறுங்கள், அவர் அம்மா வந்துகொண்டிருக்கிறார் என்று உடனிருந்த உதவியாளர் சொல்லியும் பொறுக்கவில்லை. இழுபறியில் கீழே விழுந்து விலங்கிடப்பட்ட இளைஞர் மூச்சுத் திணறி இறந்தார். பிரேதப் பரிசோதனை, பிறர் செயலால் நேர்ந்த மரணம் என்றது. ஆனால் நடுவர் குழு யார் மீதும் குற்றம் சாட்ட மறுத்தது. இறந்தவருக்குக் காவலர்கள் என்றால் அத்தனை பிரியம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். குடும்பம் தொடுத்த வழக்கு 2018-ல் 19 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது.

இளைஞர் இறந்த 2013-லேயே ஆளுநர் மார்ட்டின் ஓமாலி ஓர் ஆணையம் அமைத்தார். அதன் தலைவராக நியமிக்கப்பட்டவர் டிமதி ஷ்ரைவர். யூனிஸின் மகன், ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸின் தலைவர், காவலர்கள் திரட்டும் பணத்தில் நடக்கும் அமைப்பைச் சேர்ந்தவர். காவலர்களைத் தாளிக்கவும் அவரால் முடியாது, பூசிமெழுகவும் முடியாது. ஆணையம் யாருக்குத் தண்டனை என்று ஆராயாமல், காவலர்களுக்கும் அவசர உதவிப் பணியாளர்களுக்கும் என்ன சொல்லித்தர வேண்டும் என்பதை எடுத்துக்கொண்டது. நிதானமாகப் பேசுவது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை தருவது, பதிலுக்குக் காத்திருப்பது, தொடாமல் விலகி நிற்பது, உடனிருப்பவர் சொல்வதைக் கேட்பது என்பன போன்றவை அத்தகைய பயிற்சியின் அரிச்சுவடி. இவை எதுவும் கடினமான வித்தை அல்ல. பதக்கம் அணிவிக்கும் மேடையில் ஒரு நாள் நின்ற காவலருக்குத் தானாகவே பிடிபடக்கூடியவை. ஓட்டத்தில் கலந்துகொள்ளாத பெரும்பான்மைக் காவலர்களுக்கு அந்த வாய்ப்பே வருவதில்லை என்பதுதான் சிக்கல். விருப்பம் உள்ளவர்கள் மட்டும் வரும் நிகழ்ச்சியால் ஒரு துறை முழுவதையும் பழக்க முடியாது. அதற்குக் கட்டாயப் பாடத்திட்டம் வேண்டும்.

2015-ல் மேரிலாந்து சட்டமன்றம், இறந்த இளைஞரின் பெயரில் ஓர் அமைப்பை நிறுவிச் சட்டம் இயற்றியது. காவலர் பயிற்சியில் அறிவுசார் குறைபாடு பற்றிய பாடத்தை நிபுணர் மட்டும் நடத்தினால் போதாது. குறைபாடு உள்ளவர்களே ஆசிரியர்களாக வந்து நடத்த வேண்டும், அதற்கு அவர்களைத் தயார்படுத்துவது அந்த அமைப்பின் வேலை.